இடிக்குப் பிடுங்கிய பிளக்

பெர்லின்

அன்புள்ள அம்மா,

முதலில் உன் ஆசீர்வாதம் வேண்டும். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன்.

போனில் பேசினால் உனக்குக் கேட்காது, அதனால்தான் இந்தக் கடிதம். கம்ப்யூட்டர் உயிர் வராமல் கிடக்கிறது என்று பக்கத்து வீட்டு வல்தீர் சொன்னார். உன்மேல் தப்பில்லை. இடி இடித்தால் நம் ஊர் பெலோத்தாஸில் எல்லாரும் செய்வதைத்தான் நீயும் செய்தாய். மின்னலை இழுக்கும் என்று முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணியால் மூடினாய், பிளக்கைப் பிடுங்கினாய். அந்த நேரம் பார்த்து, நான் அதில் போட்டுத் தந்த லினக்ஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது.

ஒன்றும் தெரியாதவர்கள்கூடப் பயமில்லாமல் புதுப்பிக்கும்படி அதை எழுதுவதுதானே இங்கே என் வேலை! ஆபீஸில் சொன்னேன். கூட வேலை செய்யும் ஹென்ரிக் சிரித்தான்.

"அணைக்காதீங்கன்னு திரையிலேயே போட்டிருக்கோமே! இடிக்கு எவன்யா பிளக்கைப் பிடுங்குவான்?"

"எங்க அம்மா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

இங்கிருந்து என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை அம்மா. வல்தீரிடம் விண்டோஸையே போடச் சொல். "பையன் செஞ்ச சாமான் அவன் வீட்டிலயே ஓடல பாரு"ன்னு கேலி பண்ணுவார். பண்ணட்டும்.

முடிந்தால் டீ போலக் குடிக்க நம் பிரேசில் மாத்தே தூள் கொஞ்சம் அனுப்பு. இங்கே கிடைப்பது வைக்கோல் மாதிரி இருக்கிறது. பழைய கம்பளிச் சட்டையும் வை.

தபால் பெட்டியிலிருந்து கடிதங்களை எடுக்கிற நேரமாகிவிட்டது. பெரிய திரையில் என் உதட்டசைவைப் பார்த்தால்தானே நான் பேசுவது உனக்குப் புரியும்? எது ஓடினாலும் சரி, வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமை திரைமுன் வந்து உட்கார்.

உன் மகன்,
எவாந்திரோ