தேய்த்த பிறகும் ஓடிய துளி

நவ. 10, திங்கள்

விடாத தூறல். ஓரிக்கையில் பஸ் ஏறும்போதே துப்பட்டா ஈரம். பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள்: "லேசர வெச்சி என்னதாம்மா பண்றே?"

"இரும்புல தண்ணி ஒட்டாம பண்றேங்க்கா."

"அதுக்கு பெயிண்ட் அடிச்சா போதாதா?"

நாலு வருடமாக எனக்கும் அதே சந்தேகம்தான். லேசரால் பொடிப்பொடியாக வரி வெட்டிய தகட்டில் தண்ணீர் முத்து மாதிரி உருளும். உப்புத்தாளால் தேய்த்தால் அப்பிக்கொள்ளும். தேய்த்த பிறகும் துளி ஓட வேண்டும்; இந்த மழைக்காலத்துக்குள் ஒரு தகடாவது அப்படித் தேறாவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்டு என்று என் கைடு சார் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை தேய்த்து வைத்த தகட்டை இன்று எடுத்துத் துளி விட்டேன். ஓடியது. மறுபடி விட்டேன். ஓடியது. கழிவறைக்குப் போய் அழுதேன்.

நவ. 11

சார் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை தகட்டைப் பார்க்க ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஆட்களை வரச் சொல்லிவிட்டார். லேப் டெக்னீஷியன் குமார் அண்ணன் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார், எனக்கு மட்டும் கூடவே ஒரு பன்.

வாங்க வேண்டியது: சோப்பு, அப்பாவுக்கு இருமல் மருந்து.

நவ. 12

அதே அளவில் வெட்டிய இன்னொரு தகடு. தேய்த்தேன். அப்பிக்கொண்டது. இன்னொன்று. அதுவும்.

சனிக்கிழமைத் தகட்டை யாராவது தொட்டார்களா என்று குமார் அண்ணனிடம் கேட்டேன்.

"நான்தாம்மா. நீ தேச்சி வெச்சிட்டு போயிட்டே. மழை பேஞ்சிக்கினு இருந்துச்சா, துரு புடிச்சிடும்னு சிலிக்கான் ஸ்பிரே அடிச்சி வெச்சேன்."

பெருமையாகச் சொன்னார். துளி ஓடியது அந்த ஸ்பிரே எண்ணெயால்தான். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்?

நவ. 13

சாரிடம் சொன்னேன். கம்பெனிக்குப் போன் போட்டு வர வேண்டாமென்று சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்: "யாரு அடிச்சது?"

பெயரைச் சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை. சனியன் பிடித்த வாய்.

நவ. 14

வெயில். கம்பெனி ஆட்கள் வரவில்லை. உண்மையைச் சொன்னதற்காக எனக்கு அடுத்த மழைக்காலம் வரை தவணை. குமார் அண்ணனுக்கு நாளையிலிருந்து வேலை இல்லை. கான்ட்ராக்ட் ஆள், நிறுத்த ஒரு போன் போதுமாம்.

"சார், அவர் நல்லதுக்குத்தான்..."

"நீ உன் வேலைய பாரும்மா."

பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

நவ. 17, திங்கள்

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் குமார் அண்ணன். வேலை கேட்டு எங்கோ போகிறார். நான் சொன்னது அவருக்குத் தெரியாது.

"ஆள் கொறைக்கிறாங்களாம்மா. அத வுடு. உன் தகடு பாஸ் ஆச்சா?"

"ஆச்சுண்ணா."

"அப்பாடா" என்றார்.

வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன். எந்த ஊருக்கென்று பார்க்கவில்லை.