சத்தமில்லாத அறை

கோபக்கார அக்காவுக்கு,

பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். இங்கே கடல் சாதுவாகத்தான் இருக்கிறது. இன்று வந்த துறைமுகத்தில் எல்லோரும் ஊர் சுற்ற இறங்கினார்கள். நான் கால் வலி என்று பொய் சொல்லிக் கப்பலிலேயே இருந்துவிட்டேன்.

சாப்பாட்டு மேசையில் அத்தனை பேர் முன்னால் உன் குறட்டையை நான் செய்து காட்டியிருக்க வேண்டாம். எல்லோரும் சிரித்தார்கள், நீயும்தான் சிரித்தாய். அடுத்த துறைமுகத்திலேயே பெட்டியோடு இறங்கிவிடுவாய் என்று யார் கண்டார்கள்?

அறை சுத்தம் செய்கிறவர் காலையில் கதவைத் தட்டினார். "பெரியம்மா எங்கேம்மா?"

நீ போய்விட்டாய் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "தூங்குறாங்க" என்றேன்.

அவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். "சத்தமே வரலையே, உடம்பு சரியில்லையா?"

அறை இப்போது நான் தினமும் உன்னிடம் கேட்டபடி அமைதியாக இருக்கிறது, அக்கா. தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது.

உன் வாய்த்துடுக்குத் தங்கச்சி