உன் அலாரம் இன்னும் அடிக்கிறது

என் செல்லக் கழுதை கலைக்கு,

உன் போனை அம்மா சாகவிடவில்லை. உனக்குப் பிடித்ததைத்தானே உன் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று அங்கேயே வைத்து, தினமும் சார்ஜ் போடுகிறாள். சாயங்காலம் அரியலூர் பஸ் வரும் நேரத்தில் அது அடிக்கும். "கூப்புடுறா பாரு, வெளக்கேத்தச் சொல்றா" என்று அம்மா எழுந்து போவாள்.

அது எதற்கு வைத்த அலாரம் என்று நீ போன பிறகு, போனைத் திறந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் சிரித்தபடி ஒரு போட்டோ எடுத்து, நீ காதலித்தவனுக்கு அனுப்ப வேண்டும், அது அவன் போட்ட கட்டளை. பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. உள்ளே எத்தனை படங்கள்! ஒரே சுவர், ஒரே சிரிப்பு, சுடிதார் மட்டும் வேறு வேறு. பஸ் தாமதமான ஒரு நாள் போட்டோ போகவில்லை. அவனே நேரில் வந்துவிட்டான். அவன் அடித்த அடியில் நீ பிழைக்கவில்லை. அவன் ஜெயிலில் இருக்கிறான், கேஸ் நடக்கிறது.

அந்தப் படங்களில் ஒன்றைத்தான் அம்மா பெரிதாக்கி மாலை போட்டிருக்கிறாள். "எம்புள்ள எப்புடி சிரிக்குது பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாள். அந்தப் பக்கம் திரும்பவே எனக்கு உடம்பு கூசும்.

ஆண்டிமடத்தில் என் தையல் கிளாஸ் நடக்கிறது. துணி ஓரத்தை மடித்து ஹெம்மிங் போடும்போது பெண்களைப் பேச விடுவேன். தலையைக் குனிந்து ஊசியைப் பார்த்துக்கொண்டே பேசலாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. போன மாதம் ஒரு சாயங்காலம், பேச்சுக்கு நடுவில் உன் அலாரம் அடித்தது. அதே ஓசை, அதே நேரம். உன் போனோ வீட்டில் இருந்தது.

தரணி என்ற பெண் எழுந்தாள். சுவரோரம் தனியாக நின்று, தன் போனைப் பார்த்துச் சிரித்தாள். உன் சிரிப்புடி அது. படம் எடுத்ததும் சிரிப்பு அணைந்துவிட்டது.

"யாருக்கு?" என்றேன்.

"சும்மாதான்க்கா. அவருக்கு எம்மேல ரொம்பப் பாசம்."

நான் திட்டவில்லை. உன்னைப் பற்றிச் சொன்னேன். எல்லா ஊசியும் நின்றுவிட்டது. தலை நிமிராமல் தரணி சொன்னாள்: "அனுப்பலன்னா கையப் புடிச்சி முறுக்குவான்க்கா. நான் என்ன பண்றது?"

அன்றே எல்லோருமாக அவள் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் சொன்னோம். மறுநாள் ஸ்டேஷனுக்கும் போனோம். இப்போது யாராவது ஒருத்தி வீடு வரைக்கும் அவளோடு போகிறாள்.

நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை? கத்துவேன் என்று பயந்தாயா? கத்தியிருப்பேன்தான். கத்திவிட்டு உன்கூட வந்திருப்பேன்டி.

நேற்று உன் போனை அணைத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். பஸ் நேரத்துக்கு அம்மா வழக்கம்போல் எழுந்தாள்.

"கூப்புடுறா."

"இல்லம்மா, போன் எங்கிட்ட இருக்கு. ஆஃப் பண்ணிட்டேன்."

"எனக்குக் கேக்குதே. ஒனக்குக் கேக்கல?"

விளக்கை ஏற்றினாள். அந்த நிமிஷம் என் போன் அடித்தது. தரணி. "வூட்டுக்கு வந்துட்டேன்க்கா. இன்னைக்கும் அனுப்பல."

அப்போதுதான் உன் படத்தை நேராகப் பார்த்தேன். விளக்கு வெளிச்சமோ என்னவோ, நீ சிரிக்கவில்லை.

அந்தப் படத்தைக் கழற்றிவிடுகிறேன். முந்திரிப்பழத்தைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பாயே, அதை மாட்டுகிறேன். இனி யாருக்காகவும் நீ சிரிக்க வேண்டாம்.

கத்தினாலும் கூடவே வரும்
உன் அக்கா