மேல்தட்டில் மாடு மேய்ந்தது

அரவேணு,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஃபாயிஸாவுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையில் நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அந்த வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறோம். பக்கத்து வீட்டுப் பையன் பெனிஸ் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் டீத்தூளும் வர்க்கியும் கொடுத்தனுப்புகிறேன், வர்க்கி நொறுங்கியிருந்தால் அவனைத் திட்டாதே. ராக்கம்மா அத்தை எப்படி இறந்தாள் என்று நீ போனில் கேட்கும்போதெல்லாம் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிடுகிறேன். சிக்னல் இருந்தது கண்ணு, எனக்குத்தான் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன், தனியாக உட்கார்ந்து படி.

நீ கல்யாணமாகிப் போனபோது அந்தக் கல்குவாரி மூடிக் கிடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், நான் டிப்பர் ஓட்டி ராக்கம்மா ஜல்லி அள்ளிய இடம்தான். பிறகு நவநீதன் என்கிற தம்பி ஒரு டிரஸ்ட் சார்பில் வந்து அங்கே மண் போட்டு புல்லும் நாவலும் தவிட்டுப்பழச் செடியும் நட்டான், எது பிழைக்கிறது எது காய்கிறது என்று பார்த்துச் சொல்ல எங்கள் இரண்டு பேரையும் வேலைக்கு வைத்துக்கொண்டான். மாதாமாதம் பைப்பில் செய்த ஒரு சதுரச் சட்டத்தைத் தரையில் வைப்போம், அதற்குள் என்னென்ன செடி, எவ்வளவு உயரம், எவ்வளவு தரை வெறுமையாகக் கிடக்கிறது என்று அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். வெறும் பாறைப் படியாக இருந்த மேல்தட்டில் தவிட்டுச் செடி இடுப்புயரம் வந்துவிட்டது. போன வருஷம் அங்கே காட்டெருமைச் சாணம் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, இங்க வந்து பாருங்க, மாடு மேய வந்திருக்குது, இனி இது காடுதானுங்க" என்று கூவினாள். மிருகம் திரும்பி வருவது நல்ல அறிகுறி என்று நவநீதன் அதைப் போட்டோ எடுத்து ரிப்போர்ட்டில் சேர்த்தான். அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தது அவள்தான்.

ஆடி மாதம் அது, கை நீட்டினால் கை தெரியாத மூட்டம். சட்டத்தின் மூலை கழன்றிருந்ததால் நான் கீழே நின்று கட்டிக்கொண்டிருந்தேன், அவள் முன்னால் ஏறிப் போனாள். செடிகளுக்கு நடுவே தாய்க் காட்டெருமை கன்றோடு படுத்திருந்திருக்கிறது. எனக்குச் சத்தம்தான் கேட்டது. கல்லை விட்டெறிந்து கத்திக்கொண்டே ஓடினேன், அது அவளை முட்டிப் போட்டுவிட்டுக் கன்றைத் தள்ளிக்கொண்டு இறங்கிப் போய்விட்டது. கோத்தகிரிக்கு ஜீப்பில் போகும்போது தலையை என் மடியில்தான் வைத்திருந்தாள், வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை, "கன்னுக்குட்டி இருந்துச்சுங்கண்ணா" என்றாள், அந்த மாட்டுக்காக என்னிடம் பரிந்து பேசுகிற மாதிரி. ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் போய்விட்டாள்.

அவள் காரியமெல்லாம் முடிந்த பிறகு கருணாகரன் மாமா ஒரு காலையில் அரிவாளோடு குவாரிக்கு வந்தார். உனக்குத் தெரியும், அதிர்ந்து பேசாத மனுஷர். "பாய், என்னைத் தடுக்காதீங்க, இந்தப் பொதர் இல்லைன்னா மாடு வந்திருக்காது, எம் பொண்டாட்டி ஊட்டுல இருந்திருப்பா" என்றார். நான் தடுக்கவில்லை. மேல்தட்டு முழுக்க வெட்டினார், அவள் கையால் நட்டதையும் சேர்த்துத்தான் வெட்டினார். கை ஓய்ந்து உட்கார்ந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டு இறங்கிப் போனார். அவர் போன பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன், அவளுக்கா செடிக்கா என்று எனக்கே தெரியவில்லை.

அது சர்க்கார் நிலம், கேஸ் ஆனால் அவரை ஸ்டேஷனுக்கு இழுப்பார்கள். அந்த வாரம் நவநீதன் வந்து பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டான். மாடு மேய்ந்துவிட்டது என்றேன். அரிவாள் வெட்டு சாய்வாக, பளிச்சென்று தெரிகிறது, அவன் படித்த பிள்ளை, அவனுக்கா தெரியாது? கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தான். பிறகு என் கையிலிருந்த பேப்பரை வாங்கி, காரணம் என்கிற இடத்தில் மாடு மேய்ந்தது என்று அவனே எழுதிக் கையெழுத்தும் போட்டான். "ஆமாங்க பாய், மாடுதான்" என்றான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

வேலையை விட்டுவிட்டு உன்னோடு வந்துவிடச் சொல்கிறாய், உன் அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். இப்போதைக்கு முடியாது கண்ணு, கோபித்துக்கொள்ளாதே. துணைக்கு ஆள் வந்தால்தான் மேலே ஏறுவேன் என்று உன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். போன மாதம் நவநீதனோடு மேல்தட்டுக்குப் போனேன், தவிட்டுக் கட்டைகளில் முக்கால்வாசி துளிர்த்திருக்கிறது, அடியிலிருந்து கொத்துக் கொத்தாக. பார்த்து சந்தோஷப்பட முடியவில்லை, வருத்தப்படவும் முடியவில்லை, எண்ணி எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். கருணாகரன் மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பிள்ளையை இரவு ஏசிக்கு நேராகப் படுக்க வைக்காதே. வெள்ளிக்கிழமை மறக்காமல் மாமாவுக்கு ஒரு போன் போடு. நாங்கள் எல்லோரும் அவர் முன்னால் ராக்கம்மா பெயரை எடுக்காமல் பேசிப் பேசி, அந்த மனுஷர் ஒற்றையாகிவிட்டார். நீயாவது அத்தை என்று சொல்லிப் பேசு, அவர் அழுதால் அழட்டும், போனை மட்டும் வைத்துவிடாதே. அல்லாஹ் உங்கள் மூவரையும் அவன் நிழலில் வைத்திருக்கட்டும்.

என்றும் உங்களுக்காகக் கையேந்தும்
உன் அத்தா
பஷீர்