அந்த அட்டையைக் கழட்டிரு

பாளையம்பட்டி,
திங்கள் மத்தியானம்

அன்பு மகள் தேவிபிரியாவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கச்சி சங்கரி எழுதுறது. அப்பாவோட முழங்காலைத் தவிர இங்க எல்லாரும் சௌக்கியம், அந்த மலைக்குளிருல நீ சளி பிடிக்காம இருக்கியான்னு தெரியணும். நம்ம பக்கம் இன்னும் ஒரு பொட்டு மழை இல்ல, ரோட்டுல லாரி போனா புழுதி குழம்புல வந்து விழுகுது. (அம்மா குழம்புக்கு ருசியே அதுதான். இது சங்கரி. அடைப்புக்குள்ள இருக்கிறதெல்லாம் என் சரக்கு.) நேத்து நீ டவுனுக்கு இறங்கி வந்து போன்ல அழுததுல இருந்து எனக்குச் சோறு இறங்கல. மூணாம் வகுப்புல பதினேழு பிள்ளைக, நாலு மாசமா ஒண்ணுகூட வாயைத் தொறக்கல, ஒண்ணாம் தேதி வேலைய விட்டுட்டு வாரேன்னு சொன்ன. வா, உன் வீடுதான். ஆனா அதுக மலைப்பேச்சை விடட்டும்னு சுவத்துல "தமிழில் மட்டும் பேசவும்"னு அட்டை ஒட்டியிருக்கேன்னும் சொன்ன பாரு, அதைக் கேட்டதும் எனக்கு உன் பச்சைப் பாவாடை ஞாபகம் வந்துருச்சு.

வீட்டுல தெலுங்கு மட்டும் பேசிட்டு ஒண்ணாம் வகுப்புக்குப் போன பிள்ள நீ. ஒண்ணுக்குப் போகணும்னு தெலுங்குல கேட்டிருக்க, யாருக்கும் புரியல, எல்லாம் சிரிச்சிருக்கு. நனைஞ்ச பாவாடையோட வந்தவ, தீபாவளி வரைக்கும் அங்க வாயே தொறக்கல. அப்பறம்தான் காரியாபட்டியில இருந்து பஸ்ஸுல வார தங்கச்செல்வி டீச்சர் வந்தாக. அவுக உன்னைப் பேசுன்னு ஒரு நாளும் சொல்லல. ஒரு பூனைப் படத்தைத் தூக்கிக் காட்டி, தேவி வீட்டுல இதுக்குப் பேரு குக்கன்னு வேணும்னே தப்பாச் சொல்லியிருக்காக. நம்ம தெலுங்குல குக்கன்னா நாயாச்சே! உனக்குப் பொறுக்குமா, எந்திரிச்சு நின்னு பிள்ளி, பிள்ளின்னு கத்துனியாம். அன்னிக்குச் சாயங்காலம் பையைக்கூடக் கழட்டாம, டீச்சருக்கு ஒண்ணுமே தெரியலம்மா, நான்தான் சொல்லிக்குடுக்கணும்னு எங்கிட்ட வந்து நின்ன. அதுல இருந்து போர்டுல நம்ம வார்த்தையும் தமிழ் வார்த்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதுவாக. பொங்கலுக்குள்ள நீ தமிழ்லயே வம்பிழுத்துட்டு வந்த.

(அக்கா, கடைசி பெஞ்சு ரகசியம் ஒண்ணு. எங்க கணக்கு சார் கேள்வி கேட்டுட்டு, மூணு எண்ணுறதுக்குள்ள பதிலையும் அவரே சொல்லிருவாரு. அதனால நாங்க நாப்பது பேரும் கட்டுப்பாடா ஊமையாயிருவோம். அறிவியல் மிஸ்ஸு கேட்டுட்டுச் சும்மா நிப்பாக. பத்து எண்ணுறதுக்குள்ள அந்த அமைதி தாங்காம நானே உளறிருவேன். நீயும் நில்லு. முதல்ல பக்கத்துப் பிள்ளைகிட்ட அதுக பேச்சுலயே சொல்லச் சொல்லு, பொறவு எல்லாருக்கும் சொல்லட்டும். டீச்சர் டார்ச்சர் ஆகாம இருக்க அம்புட்டுத்தான் வழி.)

தேவி, அந்த அட்டையைக் கழட்டிரு. தண்ணிக்கும் ஒண்ணுக்குப் போறதுக்கும் அதுக பேச்சுல என்னன்னு முதல்ல நீ கேட்டுப் படி. தப்பாச் சொல்லு, சிரிக்கட்டும். அதுக்கப்பறமும் வாயைத் தொறக்கலன்னா ஒண்ணாம் தேதி பஸ்ஸு ஏறு, அப்பா ஸ்டாண்டுக்கு வந்து நிப்பாக. நம்ம அம்மன் உனக்குத் துணையா இருப்பா. பனியில தலையில துண்டு போடாம வெளிய போகாத.

இப்படிக்கு,
உன் அம்மா பாலாமணி

(அக்கா, அம்மா இம்புட்டையும் தெலுங்குலதான் சொல்லுச்சு. எழுதி முடிச்சதும், நான் சொன்னது பூரா வந்துருச்சாடின்னு கேட்டுச்சு. வந்துருச்சும்மான்னேன். உன் பதினேழுலயும் ரெண்டு பேச்சும் தெரிஞ்ச ஒரு சங்கரி இருப்பா. கடைசி பெஞ்சுல தேடு.)