பின்கதவின் பிணைச்சல்

சோலோதுர்ன்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் லக்சாயினிக்கு,

அப்பாவும் நானும் இங்கே குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் இரவு பகல் தெரியாத அந்த நோர்வே வடக்கில் வேளைக்குச் சாப்பிட்டு, கண்ணை மூடி நித்திரை கொண்டு நலமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சன்னலுக்குக் கறுத்த துணி போட்டாயா? உன் ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து வருகிறவர்கள் எப்படித்தான் அந்த வெளிச்சத்தில் படுக்கிறார்களோ. என் மணிக்கட்டில் ஒப்பரேஷன் செய்த இடம் ஆறிவிட்டது, முதியோர் இல்லத்துச் சமையலறையில் இப்போது பெரிய சட்டி தூக்காத வேலைதான் தருகிறார்கள், ஆனால் எதையாவது இறுக்கிப் பிடித்தால் இன்னும் சுண்டி இழுக்கிறது. அதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால் இந்தக் கடிதத்தில் என் மணிக்கட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. ஏன் கடிதம், தொலைபேசி இல்லையா என்று கேட்பாய். எங்கள் வீடு எத்தனை அறை என்று உனக்குத் தெரியும், அப்பாவின் காது எவ்வளவு கூர்மை என்றும் தெரியும். தமிழ்ப் பள்ளியில் படித்ததை வைத்து மெதுவாக வாசி, அவசரமில்லை.

யூலையில் இரண்டு கிழமை லீவில் வருகிறேன், கேம்பரில் மலைப்பக்கம் சுற்றப் போகிறேன் என்று எழுதிவிட்டு, கடைசி வரியில் அப்பா என்னோடு வருவாரா என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு வரிக்கு என்னால் இவ்வளவு நாளும் பதில் எழுத முடியவில்லை. வருவார் என்று எழுதினால் பொய், வரமாட்டார் என்று எழுத மனம் வரவில்லை. நீ உன் முதல் சம்பளங்களைச் சேர்த்து, பின்னால் படுக்கிற சின்ன அறை பொருத்திய அந்தப் பழைய பிக்கப்பை, உன் கேம்பரை, வாங்கி வந்த நாளில் வீட்டில் நடந்ததை நான் மறக்கவில்லை. வீடு வாசல் இல்லாத சனம்தான் வாகனத்துக்கை படுக்கிறது, நான் படுத்தனான், என்ரை பிள்ளை படுக்கத் தேவையில்லை என்று அப்பா சொன்னார். அது உங்கடை கதை அப்பா, என்ரை கதை இல்லை என்று நீ சொன்னாய். இரண்டு பேர் சொன்னதும் சரி, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் உன்னோடு தொலைபேசியில் கதைப்பதெல்லாம் சாப்பிட்டியோ, அங்கை குளிரோ என்ற இரண்டு கேள்விதான், பிறகு இந்தா அம்மாவோடை கதை என்று என் கையில் தந்துவிடுவார். அவருடைய கதையை அவர் உனக்குச் சொன்னதில்லை, எனக்கும் சொன்னதில்லை. கனடாவில் இருக்கிற அப்பாவின் தங்கச்சி, கஜலக்சுமி மாமிதான் ஒருமுறை சொன்னார். தொண்ணூற்றைந்தில் சண்டை வந்து யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்டபோது, மாமி சின்னப்பிள்ளை, காய்ச்சல், தென்மராட்சியில் ஒரு மதில் ஓரமாக நிறுத்திய ட்ரக்டர் பெட்டிக்குள் அவர்கள் குடும்பம் படுத்தது. மழைக்கு மேலே கட்டிய படங்கு கிழிசல். மாமியின் முகத்தில் மழை ஒழுகாமல் அப்பா அந்தக் கிழிசலைக் கையால் பிடித்தபடியே இருந்தாராம், கை விறைத்தாலும் விடவில்லையாம். மாமி இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், அண்ணை அண்டைக்கு எனக்குக் குடைக்கம்பி என்று. எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ நோர்வேக்குப் போகுமுன், ஓடாத காலத்துக்கு வரி வேண்டாம் என்று நம்பர் பிளேட்டைக் கந்தோரில் ஒப்படைத்துவிட்டு, எங்கள் கட்டடத்தின் பின்பக்கத்தில் கேம்பரை நிறுத்திவிட்டுப் போன பிறகு அப்பா அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான்தான் பின்னேரங்களில் சாவியை எடுத்துக்கொண்டு போய் உள்ளே இருந்து புத்தகம் வாசிப்பேன். இதுவும் உனக்குத் தெரியாது, இன்றைக்குச் சொல்கிறேன். ஒருவரும் கூப்பிடாத ஒரு மேசையும் கால் நீட்டி இருக்க ஒரு வாங்கும் இந்த வயதில் எனக்குக் கிடைத்தது உன்னால்தான், அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பலமுறை நினைத்து, வெட்கத்தில் விட்டுவிட்டேன். சித்திரையில் ஒரு நாள் போனால் வாங்கின் மெத்தை ஈரம், நிலத்தில் தண்ணீர், பூஞ்சண வாசம். பின்கதவைப் பார்த்தால் நாலு பக்கமும் றப்பர் ஊதி, அப்பத்தின் விளிம்பு போல நெளிந்து, தொட்டால் கையில் ஒட்டுகிறது. றப்பர் தடித்ததால் கதவு பூட்ட மறுக்க, நானும் வாசிக்கும் அவசரத்தில் தோளால் தள்ளித் தள்ளிப் பூட்டியிருக்கிறேன், அந்த இழுவையில் கதவைத் தாங்குகிற இரண்டு பிணைச்சலும் மரத்தை விட்டுக் கிளம்பி, ஆணித் துளைகள் வழியாக மழை இறங்கியிருக்கிறது. பிணைச்சலின் மூட்டில் கறுப்பாகப் பிசின் போல ஏதோ, அதில் மண்ணும் தூசியும். விரலில் எடுத்து மணந்து பார்த்தேன். மகளே, அது நல்லெண்ணெய். சனிக்கிழமை முழுக்கில் அப்பாவின் தலையில் மணக்குமே, அதே எண்ணெய்.

மேலே வந்து, இஞ்சாருங்கோ, உந்தக் கதவுக்கு என்ன பூசினனீங்கள் என்று கேட்டேன். அவர் செய்தி பார்ப்பதை நிறுத்தாமல், கதவு காத்துக்குக் கீச்சுக் கீச்சு எண்டு கத்திச்சுது என்றார். நான் கேட்டது என்ன பூசினனீங்கள் எண்டு என்றேன். முழுகின மிச்ச எண்ணெய்தான், பின்னை ஊத்துறதே, றப்பரும் குளிருக்கு என்ரை குதிக்கால் மாதிரி வெடிச்சுக் கிடந்தது என்றார். ஒவ்வொரு சனியும் தலையில் வைத்து மிஞ்சிய எண்ணெயைக் கிண்ணத்தோடு கொண்டு போய், நான் கடைக்குப் போகும் நேரம் பார்த்து, உன் கதவுக்குப் பூசியிருக்கிறார். ஒரு பனிக்காலம் முழுவதும். திரும்பியும் பாராத மனிதர்! நான் கோபிக்கத்தான் ஆயத்தமாக வந்தேன், கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. ஆனால் அவரோடு ரெஸ்டோரண்டில் வேலை செய்கிற சிவமணி அண்ணை விடுவாரா, வந்து பார்த்துவிட்டு, மச்சான், நீ கதவைப் பிடிச்சு முழுக வாத்திருக்கிறாய், சீயாக்காயும் போட்டுத் தேய்ச்சிருந்தா இவ்வளவு சிக்கல் வந்திராது என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இதைக் கழட்டி எறிஞ்சுபோட்டுப் பிள்ளைக்கு வேறை ஒண்டு வாங்கிக் குடன் என்றும் சொன்னார். அப்பா போய்த் திருப்புளியை எடுத்து வந்தார். நான் பழுதாக்கினதை நான் திருத்துறன், ஆனா உள்ளுக்கை கால் வைக்கமாட்டன், உள்வேலை உம்முடையது மலர் என்று எனக்குச் சொல்லிவிட்டார்.

கேம்பர் சாமான் விற்கிற கடையில் இருந்த பெண்மணி பழைய றப்பர்த் துண்டை வாங்கி மணந்துவிட்டு, இதற்கு யார் சாலட் செய்தது என்று கேட்டா. அப்பா மிகவும் மரியாதையாக, நான்தான் என்று ஜெர்மனில் சொன்னார். எண்ணெய் றப்பரை இளக்கிவிடும், பிணைச்சலில் பூசினால் நாள்போக்கில் இறுகிப் பசையாகிவிடும், றப்பருக்கு சிலிக்கோன் தெளிப்பான் மட்டும்தான் என்று அவ பொறுமையாகச் சொல்லித் தந்ததை நான் மறக்கமாட்டேன். அவசரப்படாமல் சொல்லித் தருகிற மனிதர்கள் எங்களுக்கு இந்த நாட்டில் அங்கங்கே கிடைத்தபடியால்தான் நாங்கள் நிமிர்ந்தோம். பிறகு வேலை. பழைய றப்பரை உரித்து, பசையைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, உக்கிய மரத்தை வழித்தெடுத்து, மிச்சத்தைச் சின்ன ஹீற்றர் வைத்துக் காயவிட்டு, இரண்டு குழாயில் வருவதைக் கலந்து பூசுகிற பசையால் குழியை நிரப்பினோம். புது றப்பரைக் கதவின் கீழ்ப்பக்கத்தில் தொடங்கிக் கீழ்ப்பக்கத்திலேயே முடிக்க வேண்டுமாம், ஓரிடத்திலும் இழுத்து ஒட்டக் கூடாதாம், இழுத்து ஒட்டினால் பிறகு அது தன் அளவுக்குச் சுருங்கி இடைவெளி விடுமாம். அப்பா வெளியே நின்று ஒட்டினார், நான் உள்ளே இருந்து பிடித்தேன், அந்த இழுக்கக் கூடாது என்ற சொல்லை நான் அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிணைச்சல் மட்டும் மிஞ்சியது. மரம் இனி ஸ்குறூவைத் தாங்காது, அதனால் வெளியிலிருந்து போல்ட்டை விட்டு, உள்ளே இரும்புத் தகடு வைத்து நட்டுப் போட்டு இறுக்க வேண்டும். கதவைப் பூட்டி வைத்துத்தான் இறுக்க வேண்டும், அப்போதுதான் றப்பர் நாலு பக்கமும் ஒரே அளவாக அமரும். ஆகவே ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே. நேற்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கினோம். நான் உள்ளே இருந்து நட்டை ஸ்பனரால் பிடிக்க, அவர் வெளியே திருக, இரண்டாவது சுற்றிலேயே என் மணிக்கட்டு சுண்டி ஸ்பனர் விழுந்தது. மறுபடி பிடித்தேன், மறுபடி விழுந்தது. சன்னலால் பார்த்தேன், வைஸன்ஸ்டைன் மலையைக் காணவில்லை, கறுத்த முகில் இறங்கிக்கொண்டிருந்தது. துளையெல்லாம் திறந்தபடி, மழை வந்தால் காயவைத்த மரம் போச்சு. சிவமணி வரட்டும் என்றார் அப்பா. அவர் சூக் நகரத்தில் மகள் வீட்டில் நிற்கிறார் என்றேன். அப்ப நாளைக்குப் பாப்பம் என்றார். நான் கதவைத் திறந்து இறங்கி, ஸ்பனரைப் படியில் வைத்துவிட்டு, அவர் கையில் இருந்த திருப்புளியை வாங்கிக்கொண்டு வெளியே நின்றேன். வெளியே திருகுவதை இடக் கையாலும் செய்யலாம். அவர் முகிலைப் பார்த்தார், துளையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். நோகுதோ என்று கேட்டார். ஓம் என்றேன். பிறகு குனிந்து ஏதோ செய்தார், ஏறினார், கதவு பூட்டிக்கொண்டது. தள்ளாமல், சத்தமில்லாமல் பூட்டிக்கொண்டது.

கடைசி நட்டு இறுகும்போது மழை தொடங்கிவிட்டது. ஒழுகுதோ எண்டு பாருங்கோ என்று கத்திவிட்டு நான் ஓடி வந்து கட்டடத்துக் கூரையின் கீழ் நின்றேன். அவர் வெளியே வரவில்லை. முதலில், சுற்றிவர றப்பரைத் தடவிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். மழை கூடியது. பிறகு எனக்குப் பயம் வந்தது, இந்தச் சத்தம் அவருக்கு எதை ஞாபகப்படுத்துமோ, நான்தானே அனுப்பினேன் என்று. மேலே போய்க் குடையை எடுத்து வந்து பக்கத்துச் சன்னலால் எட்டிப் பார்த்தேன். வாங்கில், உன் பச்சைப் போர்வையை மடித்துத் தலைக்கு வைத்து, ஒரு கையைக் கதவோரத்து றப்பரில் வைத்தபடி அப்பா நித்திரை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கூரையில் மழை அடித்து ஊற்றுகிறது, அவர் அசையவில்லை. நான் எழுப்பவில்லை. அவர் எழுந்து மேலே வந்தபோது மழை விட்டிருந்தது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ஒரு சொட்டும் விழேல்லை என்றார். பாதி குடித்த பிறகு, கேம்பரிலை மேல்கட்டிலிலை பிள்ளை படுக்கட்டும், எனக்குப் படுக்க உந்த வாங்கே காணும், எழுதிவிடும் என்றார்.

எழுதிவிட்டேன். இதுதான் நீ கேட்ட வரிக்குப் பதில். நீ வரும்போது கதையைக் கிளறாதே, அவராகச் சொன்னால் கேள், சொல்லாவிட்டால் மலையைக் காட்டு. குளிருக்கு அவருடைய கால் வெடிக்கும், தடித்த சொக்ஸ் இரண்டு சோடி வாங்கி வா. நம்பர் பிளேட் எடுக்க உன் கையெழுத்து வேண்டும், அதை இப்போதே அனுப்பு. சனிக்கிழமைகளில் அவரை எண்ணெய்க் கிண்ணத்தோடு கதவுக்குக் கிட்ட விடாதே. இப்படி ஒரு பிள்ளையையும் இப்படி ஒரு மனிதரையும் எனக்குத் தந்ததற்கு, பூம்ப்ளிஸ் பக்கம் எங்கள் கோவிலுக்கு வெள்ளிக்கிழமை போய்க் கும்பிட்டு வருவேன், உன் பெயரில் அர்ச்சனையும் செய்விப்பேன். போகிற வழியெல்லாம் உனக்கு வெளிச்சமாக இருக்கட்டும், படுக்கிற இடமெல்லாம் காய்ந்ததாக இருக்கட்டும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. ஏறுவதற்கு முன் அவர் குனிந்து செய்தது என்ன என்று, போல்ட்டையே பார்த்துத் திருகிக்கொண்டிருந்த நான் குடையோடு போனபோதுதான் கண்டேன். கேம்பரின் படியில் அவருடைய சப்பாத்து இரண்டும், வீட்டு வாசலில் கழற்றி வைப்பதுபோல, பக்கத்தில் பக்கத்தில் நேராக இருந்தன. மழை நிரம்பியிருந்தது. நான் அதை ஊற்றிவிட்டு, மேலே கொண்டுவந்து காயவைத்தேன்.

அன்புடன் உன் அம்மா,
ஜெயமலர் உருத்திரமூர்த்தி