ஓட்வார் பெயர் போட்ட சாக்கு

நவம்பர் 6, திங்கள்

உலக மக்களுக்கு ஒரு துயரச் செய்தி: எங்கள் பட்டறையின் காபி இயந்திரம் இன்று காலை எட்டேகாலுக்குக் காலமானார். வயது பதினொன்று. விறகு பிளப்போர், சாக்கு நிரப்புவோர், வேன் ஓட்டுநர் அனைவரும் வெந்நீர்க் கோப்பையுடன் அஞ்சலி செலுத்தினர்.

என் வலது கை பிறந்ததிலிருந்தே விடுப்பில் இருக்கிறது. வேறு யாரும் வேலை தரவில்லை, இந்தப் பட்டறையை நடத்தும் அறக்கட்டளைதான் தந்தது. பிளப்பே என் பிழைப்பு. நான் பிளக்கும் விறகை, வீடுகளுக்கு அனுப்பும் சாக்கில் அடுக்குபவர் ஓட்வார். நாற்பத்து மூன்று வயது, கதவளவு உடம்பு, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை. நிரப்பியவர் பெயர் எழுதிய சீட்டைச் சாக்கில் கட்ட வேண்டும் என்பது மேற்பார்வையாளர் யோருன் வைத்த வழக்கம்; விறகு பிடித்துப்போனவர்கள் சீட்டோடு வந்து பாராட்டுவதுண்டு. ஓட்வார் மட்டும் அந்தச் சீட்டை இஸ்திரி போட்டதுபோல் நீவி நீவிக் கட்டுவார்.

நவம்பர் 9, வியாழன்

 

பேருந்து நிறுத்தத்தில் ரூனார், பள்ளியில் என் வகுப்பு. "என்னடா ஒத்தக்கை, கரடிய மேய்க்கிறியா?" ஓட்வாரின் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிடுங்கி, பழுப்புச் சீஸ் ரொட்டியைச் சேற்றில் மிதித்தான். ஓட்வார் எடுக்கக் குனிந்தார். முழங்காலால் முகத்தில் ஓர் இடி. உதடு கிழிந்தது. விழுந்த பிறகும் விலாவில் உதைத்தான், மறுபடி, மறுபடி. நனைந்த சாக்கைத் தரையில் போடுற மாதிரி சத்தம்.

ஓட்வார் கை ஓங்கவே இல்லை. பட்டறையில் விதி அது: கை ஓங்கினால் வேலை போச்சு. முன்பு ஒரு வேலையை அவர் அப்படித்தான் இழந்தார்.

நான்தான் ரூனார் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். ஓடிவிட்டான்.

நவம்பர் 10

கொன்னுடுவேன் அவனை.

நவம்பர் 14, செவ்வாய்

கொலைக்கு முன் கொஞ்சம் சமையல். அப்பா தின்பதற்காக வாளியில் மூன்று மாதமாகப் புளிக்க வைத்திருக்கும் மீன். அந்தத் தண்ணீர் முழுவதையும், ரூனார் வீட்டுக்குப் போக வேண்டிய சாக்கில் ஊற்றினேன். குளிரில் நாற்றம் உறங்கும், அடுப்பில் எழுந்து உட்காரும். திரைச்சீலை, மெத்தை, தலைமுடி எதுவும் தப்பாது. ரூனார் இனி நார்வேக்காரன் இல்லை, நாறுவேக்காரன்.

நவம்பர் 16, வியாழன்

ரூனார் முற்றத்துக்கே வந்துவிட்டான். ஒரு கையில் கோடரிக் காம்பு. இன்னொரு கையில் — சீட்டு.

"எவன்டா ஓட்வார்?"

யார் நிரப்பிய சாக்கு என்று நான் பார்த்தேனா? பார்க்கவே இல்லையே!

சீட்டோடு வருபவர் பாராட்ட வருபவர், ஓட்வாருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கையைத் தூக்கினார். "நான்தான்."

"ஓ, கரடியா?"

முதல் அடி தோளில். அடுத்தது தலையில், காது பிய்ந்து தொங்கியது. அப்போதும் ஓட்வார் கைகளைக் கீழேயே வைத்திருந்தார். யோருன் குறுக்கே ஓடிவந்தாள். காம்பு அவள் மணிக்கட்டில் விழுந்தது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம்.

அதற்குப் பிறகுதான் ஓட்வார் கை ஓங்கினார். ஒரே குத்து. ரூனாரின் தாடை இடம் மாறியது. சரளைமேல் ரத்தம், பல்.

நான் பாய்ந்து இருவரையும் விலக்கினேன். இல்லாவிட்டால் கொலையே விழுந்திருக்கும்.

நவம்பர் 20, திங்கள்

ஓட்வாரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். எதிரே காலி இடம். நான் பிளந்தது குவிந்து கிடக்கிறது.

"வம்ப ஆரம்பிச்சதே அவர்தான்னு நிர்வாகக் குழு நினைக்குது, எஸ்கில்," என்றாள் யோருன், கையில் மாவுக்கட்டு. "சீட்டுல அவர் பேருதானே இருக்கு? கேட்டா, 'என் சாக்குதான்'னு மட்டும் சொல்றார்."

"வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களா?"

"வியாழக்கிழமை கூட்டம். தூக்கிடுவாங்க."

பெயரை எழுதியது அவர். மீன் தண்ணீர் யாருடையது? சொல்லேன்டா எஸ்கில், வாய் கிழியப் பேசுவியே!

நவம்பர் 23

குழுவின் முன் என் நாக்கும் வலது கை மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் சொன்னேன். எல்லாவற்றையும்.

நவம்பர் 27, திங்கள்

ஓட்வார் வந்துவிட்டார், காதில் ஏழு தையலுடன். எனக்குக் கடைசி எச்சரிக்கை, வேன் பக்கம் போகத் தடை.

இடைவேளையில் ரொட்டியில் பாதியை என் பக்கம் தள்ளினார்.

"அன்னைக்கு எங்கடா இருந்தே?"

"காலிச் சாக்குக் குவியலுக்குள்ள."

"தெரியும். உன் ஷூ வெளிய தெரிஞ்சுது."

ஆகவே 16ஆம் தேதிக் குறிப்பில் ஒரு திருத்தம்: நான் யாரையும் விலக்கவில்லை. 9ஆம் தேதியும் யார் சட்டையையும் பிடிக்கவில்லை. பேருந்து வந்ததால் ரூனார் ஓடினான். அதுவரை நான் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஒற்றைக் கைக்காரன் ஷூவில் லேஸே கிடையாது. வெல்க்ரோ ஒட்டுப்பட்டைதான்.